உடையாத பொருளுக்குப் பணம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறப் போர் விமானம், மூக்கில் சுறாவின் பல், வால் பக்கம் ஜெட் குழாய். விலை 9,800 ரூபாய். "திங்கட்கிழமை ஆர்டர் போடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, பாதி மறந்துபோகும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். அந்த ஆர்டரைப் போடாதே.

டைரி சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்காமல் பைண்டிங் வேலைக்குப் போய் நீ சேர்த்த 11,000 ரூபாய் அது. மதினி அதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பணம் நான்கு வினாடியில் கண்மாய்த் தரையில் மூக்கு குத்தி நிற்பதை நீ பார்க்கக் கூடாது. நான் பார்த்தவன்.

2011 தீபாவளி போனஸில் என் முதல் விமானத்தை வாங்கினேன். இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றின் மாதிரி. இறக்கை உடலுக்கு அடியில் இருக்கும். விமானம் மட்டுமே 14,000. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆள் இல்லாத மைதானத்தில் கையால் வீசினேன். இடப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கமே சாய்ந்தது. இன்னும் பலமாகத் தள்ளினேன். அவ்வளவுதான். இறக்கையில் இருக்கும் அய்லரான் மடல்கள் தலைகீழாக வேலை செய்யும்படி அமைந்திருந்தன. வீசுவதற்கு முன்னால் ஒரு தடவை குச்சியை ஆட்டி, இறக்கையைக் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இறக்கை மூன்று துண்டு, மோட்டார் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. அந்த நஷ்டம்கூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் எதையும் பறக்கவிடவில்லை. கையில் இருந்ததெல்லாம் விமானத்தோடு போய்விட்டது. திரும்பத் தொடங்க எதுவும் மிஞ்சவில்லை.

முதல் விமானம் விழும், பாப்பா. உன் கை சரியில்லை என்பதால் இல்லை, எல்லோருடையதும் விழும். சைக்கிள் பழகியபோது முழங்காலில் சிராய்ப்பு வாங்காதவர் யார்? அதனால் விழப்போகிற பொருளில் பணத்தைக் கொட்டாதே, விழாத பொருளில் போடு. ரிமோட் விழாது, அது உன் கையில் இருக்கும். சார்ஜர் வீட்டில் இருக்கும். மோட்டாரும், மடல்களை அசைக்கும் சர்வோவும் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலும் உடைவது உடல், இறக்கை, வால்தான். அதற்கு 400 ரூபாய்க்கு மேல் ஆகக் கூடாது. அதையும் நீதான் செய்ய வேண்டும். செய்தவளுக்குத்தான் ஒட்டத் தெரியும்.

அந்த ஜெட் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்துப் பார். அந்த ஜெட்டுக்கு இறக்கை சின்னது, எடை அதிகம். அது விழாமல் இருக்க வேண்டுமென்றால் வேகமாகப் போயே ஆக வேண்டும். வேகமாகப் போனால் நீ யோசிக்க நேரம் இருக்காது. நான் சொல்லப்போகும் விமானம் 100 செ.மீ. நீள இறக்கை, 18 செ.மீ. அகலம்: 1,800 சதுர செ.மீ. எல்லாம் சேர்த்து 500 கிராமில் நிறுத்திவிடலாம். 100 சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 28 கிராம். அந்த அளவுக்கு லேசான விமானம் ஓடிப்போகிற வேகத்தில்தான் பறக்கும். தப்பான பக்கம் குச்சியைத் தள்ளிவிட்டு, "ஐயோ" என்று சொல்லி, திருத்திக்கொள்ள உனக்கு நேரம் கொடுக்கும்.

இறக்கை உடலுக்கு மேலே இருக்கட்டும். நடுவில் லேசாக மடித்து, இரண்டு முனையும் 5 செ.மீ. உயர்ந்திருக்கும்படி வை. காகம் சிறகை விரித்து மிதக்கும்போது கவனித்திருப்பாய், அந்த மாதிரி. இப்படி இருந்தால் விமானம் ஒருபக்கம் சாய்ந்தாலும், குச்சியை விட்டுவிட்டால் தானாக நிமிரப் பார்க்கும். இறக்கையில் மடல் வேண்டாம். வாலில் இரண்டே மடல்: திரும்புவதற்கு ரட்டர், ஏறி இறங்க எலிவேட்டர். இரண்டு சர்வோ போதும். என் முதல் விமானத்தைக் கொன்ற அய்லரான் உனக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை. கை பழகின பிறகு, அதே உடலுக்கு அய்லரான் வைத்த வேறு இறக்கை செய்துகொள்ளலாம்.

செய்வதற்கு ஃபோம் போர்டு. இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய, 5 மி.மீ. கனமுள்ள அட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்குவது. கடையில் கவனமாகக் கேள். சன்போர்டு என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க வழவழவென்று நன்றாக இருக்கும். ஆனால் அது பிவிசி, கனம். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். உன் கைக்கு இந்த வேலை புதிது இல்லை. அட்டையை எந்தப் பக்கம் கீறினால் எந்தப் பக்கம் மடியும், ஒரு பக்கக் காகிதம் அறுபடாமல் கத்தியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பைண்டிங்கில் நீ கற்றுக்கொண்டதுதான் இங்கே முக்கால்வாசி வேலை. இறக்கையின் முன் விளிம்பு அப்படி மடித்துச் செய்வதுதான். மடிப்புக்குள் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு அட்டைப் பட்டையை நீளவாட்டில் ஒட்டினால் மேல்பக்கம் உப்பி, அடிப்பக்கம் தட்டையாக இறக்கை வந்துவிடும்.

பசை விஷயத்தில் ஒன்று. உடனே ஒட்டும் பசையும் ஸ்பிரே பெயின்டும் ஃபோம் போர்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் மாதிரியான நுரையைக் கரைத்துவிடும். பஞ்சு மிட்டாய் வாயில் கரைவதுபோல் கண் முன்னால் குழி விழும். ஹாட் குளூ போதும், அதையும் அள்ளி வைக்காதே. பசை எல்லாம் எடைதான். மடல்களுக்குக் கீலாக பேக்கிங் டேப். சர்வோவிலிருந்து மடலுக்குப் போகும் கம்பிக்கு, பழைய சைக்கிள் ஸ்போக் இரண்டு கேட்டு வாங்கிக்கொள். இறக்கையை உடலோடு ஒட்டாதே. குறுக்கே இரண்டு மூங்கில் குச்சி செருகி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு. விழும்போது ரப்பர் பேண்டு தெறிக்கும், இறக்கை தனியாகக் கழன்று போய் விழும். இரண்டும் பிழைக்கும். ஒட்டியிருந்தால் இரண்டும் கிழியும்.

மோட்டாரைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது? இருபத்தைந்து வருடமாகக் காயில் கட்டுகிறேன். ஏ2212 என்று கேள். அதே பெயரில், அதே தோற்றத்தில் 1000 கேவி, 1400 கேவி, 2200 கேவி என்று வரும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எடுத்துவிடாதே. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்குச் சுமையில்லாமல் எத்தனை சுற்று என்ற கணக்கு. காயிலில் சுற்று கூடக்கூட இந்த எண் குறையும், இழுக்கும் முறுக்கு கூடும். உனக்கு வேண்டியது 1000. 10 அங்குல ப்ரொப்பல்லரை நிதானமாகச் சுற்றி, 800 கிராம் அளவுக்கு இழுக்கும்; 500 கிராம் விமானத்துக்கு அது தாராளம். 2200 எடுத்தால் சின்ன ப்ரொப்பல்லர் போட்டு வேகமாகப் போகத்தான் லாயக்கு. கூடவே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி ஒன்று, 9 கிராம் சர்வோ மூன்று (ஒன்று கையிருப்பு), ப்ரொப்பல்லர் நான்கு. இவையெல்லாம் சேர்ந்து 1,500க்குள் வந்துவிடும்.

ரிமோட்டுக்குத்தான் உன் பணத்தில் பாதி. ரிசீவரோடு 5,000 ரூபாய் அளவில் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 கிடைக்கும். ஆறு சானல், நான்கு பென்டார்ச் செல்லில் ஓடும். நானும் அதில்தான் பல வருடம் ஓட்டினேன். பெட்டியோடு வருகிற 'எல்லாம் தயார்' விமானங்களில் சில நன்றாகவே பறக்கும். கைரோ வைத்து அதுவே தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும். ஆனால் பலவற்றின் ரிமோட் அந்த ஒரு விமானத்தோடு மட்டும்தான் பேசும். விமானம் போனால் ரிமோட்டும் பரணுக்குப் போகும். ஐ6 அடுத்த விமானத்துக்கும், அதற்கு அடுத்ததற்கும் வரும். குறைந்த விலையில் வேண்டுமென்றால் காலேஜ் சீனியர்களிடம் கேட்டுப் பார். போட்டிக்கு விமானம் செய்து முடித்தவர்கள் கடைசி வருடம் ரிமோட்டை விற்றுவிட்டுப் போவார்கள். பழைய ரிமோட் தாராளமாக வாங்கு. பழைய பேட்டரி மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

பேட்டரி என்றதும் கொஞ்சம் நிதானித்துப் படி. லிப்போ பேட்டரி, மூன்று செல், 11.1 வோல்ட், 1300 எம்ஏஹெச். 115 கிராம் அளவில்தான் இருக்கும். ஏழெட்டு நிமிடம் பறக்கலாம். முதல் மாதத்தில் அதற்கு மேல் உன் கண்ணும் கையும் தாங்காது. முதலில் ஒன்று போதும், 1,200 ரூபாய் வரும். சார்ஜரில் கஞ்சத்தனம் செய்யாதே. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமன் செய்து ஏற்றும் பி6 வகைச் சார்ஜர் வாங்கு. அடாப்டர் சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்கு. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். 3.5க்கு வந்ததும் இறக்கிவிடு. 3க்குக் கீழே போனால் அந்தச் செல் கெட்டது. பேட்டரியில் செருகினால் வோல்ட் குறையும்போது கத்துகிற சின்ன அலாரம் உண்டு. அதை மறக்காதே. உன்னுடைய 1300க்கு 1.3 ஆம்பியரில் சார்ஜ் ஏற்று, அவசரம் என்று கூட்டாதே. பறக்காத நாட்களில் நிறைத்தும் வைக்காதே, காலியாகவும் வைக்காதே, செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கட்டும். நான் ஒருமுறை நிறைந்த பேட்டரியைத் தகரக் கூரைக்கடியில் பரணில் வைத்துவிட்டு, சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மறந்துபோனேன். எடுத்தபோது பூரி மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பியதை அதற்கு மேல் யாரும் தொடக் கூடாது, சார்ஜில் போடவே கூடாது.

சார்ஜ் ஏற்றும்போது மண்சட்டிக்குள் வைத்து, முற்றத்தில் வை. கட்டிலில் வைக்காதே, தூங்கும்போது ஏற்றாதே. லிப்போ தீப்பிடித்தால் பட்டாசுத் திரி மாதிரி சீறும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். நீ இருப்பது சிவகாசிப் பக்கம். ஆலைகள் பக்கமோ மருந்துக் கிட்டங்கி பக்கமோ விமானத்தைக் கொண்டுபோகவே கூடாது. நீ சொல்பேச்சு கேட்கிற பிள்ளை, இதைக் கேள்.

எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் அளவில் வருகிறது, அந்த ஜெட்டின் விலைதான். மீதிப் பணத்தில் அலாரமும், ரிமோட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிளும் வாங்கு. அந்தக் கேபிள்தான் உன் வாத்தியார். பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம். கம்ப்யூட்டரிலும் ஓடும், போனிலும் ஓடும். தினம் அரை மணி நேரம், ஒரு மாதம். அதில் நீ பழக வேண்டியது ஒன்றுதான்: விமானம் உன்னைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அப்போது மூளையைக் கேட்டால் தப்பான பதில் சொல்லும். எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. அது கைக்குப் பழகும்வரை அட்டையை வெட்டக்கூட அவசரம் இல்லை.

விமானம் முடிந்ததும் பேட்டரி உள்ளே வைத்து, இறக்கையின் அடியில், முன் விளிம்பிலிருந்து 5 செ.மீ. பின்னால், இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்துத் தூக்கு. தட்டையாக நிற்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் வீசாதே. பேட்டரியை முன்னால் தள்ளு, அல்லது மூக்கில் ஒரு நட்டு கட்டு. மூக்கு கனத்த விமானம் மந்தமாகவாவது பறக்கும். வால் கனத்தது தலையைத் தூக்கி, நின்று, புரண்டு விழும். நீ என்ன செய்தாலும் கேட்காது.

பிறகு, நான் செய்யத் தவறியது. விமானத்துக்குப் பின்னால் நில். ரிமோட்டை முதலில் ஆன் செய், பேட்டரியைப் பிறகு இணை. கழற்றும்போது பேட்டரி முதலில், ரிமோட் கடைசியில். ப்ரொப்பல்லர் மாட்டாமலே பார். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரின் பின் விளிம்பு வலப்பக்கம் போக வேண்டும். உன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். தலைகீழாக இருந்தால் ரிமோட்டிலேயே மாற்றலாம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயரில் எந்த இரண்டையாவது மாற்றிச் செருகு. ரிமோட் சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறாயா என்று பார். எல்லாம் சரியான பிறகுதான் ப்ரொப்பல்லர். அதில் எண் எழுதிய முகம் முன்னால் பார்க்க வேண்டும். அது சுற்றும்போது விரலை வெட்டும். தலைமுடியைப் பின்னிக் கட்டிக்கொள், துப்பட்டாவை முடிந்துகொள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யாதே. 1937இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் ரேடியோவால் ஒரு மாதிரி விமானத்தை ஓட்டினார்கள். இப்படிப் பறந்த முதல் மாதிரி விமானங்களில் ஒன்று அது. ஒருவர் விமானத்தைக் கட்டினார், மற்றவர் ரேடியோவைக் கட்டினார். 'கஃப்' என்று அதற்குப் பெயர். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. ரேடியோவையே தாங்களே செய்ய வேண்டிய காலம் அது. உனக்கு ரிசீவர் 15 கிராமில் கவரில் வந்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும் என்பது மாறவில்லை. ஒருவர் வீச, ஒருவர் ஓட்ட. உன் காலேஜ் தோழியைச் சேர்த்துக்கொள். ஒரு ரிமோட் இரண்டு பேருக்குப் போதும், அட்டைச் செலவையும் பங்கு போடலாம். என்சிசி விமானப் பிரிவு இருக்கிற காலேஜ் பக்கத்தில் இருந்தால் போய்க் கேளுங்கள். அங்கே விமான மாதிரி செய்யக் கற்றுக்கொடுப்பார்கள், பழைய கைகள் இருப்பார்கள்.

இப்போது தை. கண்மாயில் தண்ணீர் கிடக்கும். பங்குனிக்குள் தரை காய்ந்துவிடும். மாடு மிதித்த குழியும் காய்ந்த கோரையும் விமானத்துக்கு மெத்தை மாதிரி. கரையோரம் சீமைக்கருவேலம் அடர்ந்த பக்கத்தைவிட்டுத் தள்ளி, நடுவில் நில். காலை 6 மணியிலிருந்து 7.30 வரைதான் காற்று அடங்கியிருக்கும். கருவேல இலை ஆடத் தொடங்கினால் பேட்டரியைக் கழற்றிவிடு. ஆனியிலும் ஆடியிலும் நம் பக்கம் அடிக்கிற காற்றுக்கு இந்த விமானம் வெளியே வரவே கூடாது. மின்கம்பி, ரோடு, ஆடு மேய்க்கிறவர்கள், எல்லாம் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள். பிள்ளைகள் எப்படியும் கூடிவிடும். விரட்டாதே, ஒரு கோடு கிழித்து, அதற்குப் பின்னால் உட்காரச் சொல். உட்கார்ந்துகொள்வார்கள்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் விமான வடிவத்துக்கும் சேர்த்துத்தான். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, உன்னுடையது மைக்ரோ. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் கண்மாய் பச்சையில், அதாவது பறக்கத் தடையில்லாத பகுதியில், இருக்கிறதா என்று பார்த்துவிடு. பதிவு சம்பந்தமான விதியை நாம் இருவரும் சேர்ந்து படித்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும்.

பங்குனி முதல் வாரம் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறி வருகிறேன். விடியும்போது நீ பேட்டரியை நிறைத்து வைத்திரு. வீசுவது நான், ஓட்டுவது நீ. இறக்கையையும் உடலையும் அதற்குள் முடித்துவிடு. வாலை மட்டும் ஒட்டாமல் வை. அது நேராக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஜோடிக் கண் வேண்டும். ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி வை. அப்பாவையும் கண்மாய்க்குக் கூட்டி வா.

அன்புடன்,
சித்தப்பா